சர்ச்சிலின் சுருட்டுப் பெட்டி: காஸ்ட்லி சுருட்டை வாங்கி வருஷக்கணக்கில் வைக்கலாமா?

தூத்துக்குடி கடற்கரை ஊர்களில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. லீவில் வரும்போது சிலர் பெட்டியில் ஹவானா சுருட்டும் வரும். அப்படியே வைத்திருந்தால் ருசி கூடும், விலையும் ஏறும்னு ஒரு பேச்சு உண்டு. உண்மையா? சுருட்டு என்றதும் நினைவுக்கு வரும் வின்ஸ்டன் சர்ச்சில் என்ன செய்தார்னு பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

1874-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1895-ல் கியூபா போரைப் பற்றி செய்தி எழுதப் போனார். 21-வது பிறந்தநாள் அங்கேதான். ஹவானா சுருட்டு கடைசிவரை அவரை விடவில்லை. அடுத்த வருஷமே குதிரைப்படை அதிகாரியாக பெங்களூரு வந்தார் (அங்குள்ள கிளப் கணக்கில் அவர் வைத்த 13 ரூபாய் பாக்கி இன்றும் பிரபலம்). நம்ம திருச்சி சுருட்டும் அவருக்குப் பிடிக்கும் என்று அந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்.

1900-ல் எம்.பி. ஆனார். அதே வருஷம் லண்டன் ராபர்ட் லூயிஸ் கடையில் வாங்க ஆரம்பித்தவர், அறுபது வருஷத்துக்கு மேல் அதே கடையின் வாடிக்கையாளர். 1940-ல் பிரதமர். 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து டன்ஹில் கடை சிதைந்தபோது, அவருடைய சுருட்டுகள் பத்திரம் என்று அதிகாலையிலேயே போன் போனதாம். 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது அவர் அரசு காட்டிய அலட்சியத்தையும் இங்கே சொல்லாமல் போக முடியாது.

சார்ட்வெல் வீட்டில் 3,000-க்கும் மேல் சுருட்டு வைத்திருந்தார். பக்குவப்படுத்தவா? ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று பற்றவைத்தவருக்கு அது ஒரு வருஷச் சரக்குதான். அதிலும் பாதி நேரம் அணைந்துபோனதைக் கடித்துக்கொண்டே இருப்பார். 1965-ல் இறந்தார். 1947-ல் அவர் பாதி குடித்துப் போட்ட ஒரு சுருட்டு 2017-ல் அமெரிக்காவில் 12,000 டாலருக்கு மேல் ஏலம் போனது. அது அவர் பெயருக்குக் கிடைத்த விலை. பழைய புகையிலைக்கு இல்லை.

சரி, வைத்தால் ருசி மாறுமா? நல்ல சுருட்டு என்றால் மாறும். சில வருஷத்தில் காரம் குறைந்து மென்மையாகும். ஆனா அதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வருஷம் முழுக்க வேண்டும். லண்டனில் இது சுலபம். தூத்துக்குடியில் பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெப்பம் 25-ஐத் தாண்டினாலே புகையிலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிக்கும், இலையில் ஓட்டை விழும். கடல் காற்றின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். மரப்பெட்டி மட்டும் போதாது, அதை வைக்க இரவு பகலாகக் குளிரூட்டிய இடமும் வேண்டும். அந்த கரண்ட் பில்லையும் சேர்த்தால் முதலீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து எத்தனை வருஷம் வைத்தாலும் குறையாது.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருபவர் வரி இல்லாமல் கொண்டுவர அனுமதி 25 சுருட்டுக்குத்தான். பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி.