நகரை நடந்து படித்தவர்

பேட்ரிக் கெடிஸ் 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தாவரவியல் பேராசிரியரான அவர் நகரங்களின் பக்கம் திரும்பியதற்கு ஒரு நோயும் காரணம். 1879-இல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குச் சென்ற இடத்தில் பார்வை கெட்டு, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். நுண்ணோக்கியை நம்பி வாழ இனி முடியாது என்றாயிற்று. 1886-இல் மணம் முடித்ததும் மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் நெரிசலான ஏழைக் குடியிருப்பில் குடியேறி, வீடுகளை இடிக்காமலே சீர்படுத்தத் தொடங்கினார்.

1914-இல் மதராஸ் ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னையைச் சுட்டுவிட்டு, பின் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளும் புகுந்து ரஷ்யக் கப்பலைத் தாக்கிய அதே எம்டன்தான்! கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னை செனட் மாளிகையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

அதன்பின் தஞ்சாவூர், மதுரை என ஊர் ஊராகச் சென்றார். என்னைக் கவர்ந்த பகுதி இதுதான். வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் சந்து சந்தாக நடப்பார். நெரிசலைத் தீர்க்க அகலமான நேர்ச்சாலை போட்டு வீடுகளை இடிப்பதே அன்றைய வழக்கம். அவரோ பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அங்கே மரமும் திறந்தவெளியும் வைக்கச் சொன்னார். நோயாளியைக் கொல்லாத அறுவை சிகிச்சை என்று இதனை நான் புரிந்துகொண்டேன். அவர் எழுத்து மட்டும் எளிதில் பிடிபடாது. வகுப்பில் தாடிக்குள் முணுமுணுப்பார் என்றும் சொல்வார்கள்.

1917-இல் போர்முனையில் மகன் இறந்தான். நோயுற்றிருந்த அன்னாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அவ்வாண்டே அன்னாவும் இந்தியாவில் காலமானார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1932-இல் பிரான்சில் மறைந்தார்.

ஈப்போவைப் பற்றி நூல்கள் உண்டு. அதைச் சுற்றியுள்ள சிறுபட்டணங்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. ஆனால் ரப்பர் காடுகள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறியபோது, லயத்து மக்கள் பலர் வந்து சேர்ந்தது அங்கேதான். என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அப்படி ஒரு பட்டணத்தை எடுத்திருக்கிறேன். மூன்று தெருக்களை நடந்து குறித்தாகிவிட்டது. மளிகைக் கடைக்குப் பின்னால் பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. பால்மரம் வெட்டிய பாட்டிமார் இன்றும் அதில்தான் நடக்கிறார்கள். என்னிடமுள்ள வரைபடத்தில் அந்த இடம் காலி நிலம்.