வானளாவிய கட்டடங்களின் பொறியாளர்

நுழையும்முன்

ஒரு நகரைத் தொலைவிலிருந்து காணும்போது, வானத்தின் பின்னணியில் அதன் கட்டடங்கள் ஒரு கோட்டை வரைந்து காட்டுகின்றன. அக்கோட்டினை வான்விளிம்பு என்பர். அமெரிக்காவின் சிகாகோ நகரது வான்விளிம்பில் இரண்டு கட்டடங்கள் தனித்துத் தெரிகின்றன. அவ்விரண்டிற்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே. அவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய வாழ்வையும், உயரம் என்பதை உலகம் எவ்வாறு அளக்கிறது என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

ஃபஸ்லுர் ரகுமான் கான் 1929 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் டாக்காவில் பிறந்தார். அப்போது டாக்கா, பிரிக்கப்படாத இந்தியாவின் வங்க மாகாணத்தில் இருந்தது. தந்தை அப்துர் ரகுமான் கான் கணித ஆசிரியர்; பாடநூல்கள் எழுதியவர். பள்ளிப் படிப்பை டாக்காவில் முடித்த மகன், கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் இருந்த வங்கப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1947 இல் நாடு பிரிந்தது. 1950 இல் கலவரம் மூண்டதால் அவர் படிப்பின் இறுதிக் கட்டத்தில் டாக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கு அசனுல்லா பொறியியல் கல்லூரியில் பட்டப்படிப்பை நிறைவு செய்தார்.

1952 இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் முனைவர் பட்டத்தையும் பெற்றார். 1955 இல் சிகாகோவிலிருந்த ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் தாயகம் திரும்பிக் கராச்சியில் சில காலம் பணியாற்றினார். பின்னர் 1960 இல் மீண்டும் சிகாகோவுக்கே சென்றார்.

மூங்கில் காட்டும் வழி

உயர்ந்த கட்டடத்திற்கு அதன் எடை மட்டுமே சுமை அன்று. பக்கவாட்டில் மோதும் காற்றும் பெருஞ்சுமையே. கட்டடம் உயர உயரக் காற்றின் தாக்கமும் மிகும். அதனைத் தாங்குவதற்காக முற்காலப் பொறியாளர்கள் கட்டடத்தின் உட்புறம் முழுவதும் தூண்களையும் உத்தரங்களையும் நிரப்பினர். ஒவ்வொரு தளம் கூடும்போதும் எஃகின் தேவை பன்மடங்கு பெருகியது. ஓர் எல்லைக்கு மேல் உயரத்திற்குக் கொடுக்கும் விலை, அவ்வுயரத்தால் கிடைக்கும் பயனை விஞ்சியது. நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தளப்பரப்பிற்கும் ஏறத்தாழ 206 கிலோ எஃகு செலவாயிற்று.

கான் இச்சிக்கலை வேறு வகையில் அணுகினார். மூங்கிலின் உட்புறம் வெற்றிடம். வலிமை முழுவதும் அதன் புறச்சுவரில் உள்ளது. ஆயினும் பெருங்காற்றில் அது வளைந்து நிமிர்கின்றதேயன்றி முறிவதில்லை. அதுபோலவே தூண்களைக் கட்டடத்தின் வெளிச்சுற்றில் நெருக்கமாக நிறுத்தி, உத்தரங்களால் இறுகப் பிணைத்தால், கட்டடம் முழுவதும் ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும். குழாய்க் கட்டமைப்பு என்னும் இம்முறையில் 1960களில் சிகாகோவில் 43 தளங்கள் கொண்ட குடியிருப்பு ஒன்று எழுந்தது. உயர்ந்த கட்டடங்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பமாயிற்று.

நூறு தளங்களின் சிற்றூர்

அடுத்து, கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமும் கானும் இணைந்து ஜான் ஹான்காக் மையத்தை உருவாக்கினர். 100 தளங்களும் 344 மீட்டர் உயரமும் கொண்ட அக்கட்டடம், அடியில் அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகுவது. அதன் புறச்சுவர்களில் பெருக்கல் குறி வடிவில் மாபெரும் எஃகுச் சட்டங்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. காற்றின் விசையைச் சுற்றுத் தூண்கள் அனைத்திற்கும் பகிர்ந்தளிப்பவை. அதனால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 145 கிலோ எஃகே போதுமானதாயிற்று. கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அக்கட்டடம், வானை நோக்கி எழுந்த ஒரு சிற்றூர் எனலாம்.

எனினும் கானின் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சியிருந்தது. கட்டடம் விழாது என்பதைக் கணக்கு உறுதி செய்தது. ஆனால் காற்றில் அது மெல்ல அசையும்போது, உள்ளே வாழ்வோருக்குத் தலைசுற்றல் உண்டாகுமா? இதற்கு எந்த நூலிலும் நிறைவான விடை இல்லை. சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் அசையும் மேடை ஒன்று இருந்தது. மனிதர்களை அதன்மீது இருக்கச் செய்து, எவ்வளவு அசைவு வரை உடல் பொறுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டறிந்தார். வடிவமைப்பிலும் அதனைக் கருத்திற்கொண்டார்.

ஒன்பது குழாய்களின் கற்றை

1971 இல் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. அப்போது கான் தொழிலில் உச்சியில் இருந்தார். அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றிருந்தார். ஆயினும் பிறந்த மண்ணின் துயரைக் கண்டு வாளாவிருக்கவில்லை. சிகாகோவில் வாழ்ந்த வங்காளிகளை ஒன்றுதிரட்டி அமைப்புகளை நிறுவினார். துயருற்ற மக்களுக்காக நிதி திரட்டினார். தாகூரின் பாடல்களில் அவர் கொண்ட ஈடுபாடும் இறுதிவரை குன்றவில்லை.

அக்காலத்திலேயே சியர்ஸ் கோபுரத்தின் பணியும் நடைபெற்றது. ஒரு குச்சியை எளிதில் ஒடிக்கலாம். ஒரு கட்டுக் குச்சிகளை ஒடித்தல் அரிது. கான் அதே நெறியில், பக்கத்திற்கு ஏறத்தாழ 23 மீட்டர் கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கற்றையாகப் பிணைத்தார். அவற்றுள் இரண்டு 50 ஆம் தளத்திலும், இரண்டு 66 ஆம் தளத்திலும், மூன்று 90 ஆம் தளத்திலும் முடிகின்றன. எஞ்சிய இரண்டே உச்சி வரை செல்கின்றன. மேலே செல்லுந்தோறும் காற்றின் விசை மிகும். அதனை எதிர்கொள்ளும் பரப்போ குறையும்.

1974 இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் உயரம் 442 மீட்டர். தில்லியின் குதுப் மினாரைப் போல் ஆறினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினும் அவ்வுயரத்தை எட்ட இயலாது. உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்னும் சிறப்பு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அதற்கே உரியதாயிருந்தது.

எதனை உயரம் என்பது?

கான் 1982 மார்ச் 27 அன்று, தம் 52 ஆம் வயதில், சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் மாரடைப்பால் காலமானார். ஹஜ் பயணிகளுக்காக அந்நகர் விமான நிலையத்தில் எழுந்த மாபெரும் கூடாரக் கூரை, அவருடைய இறுதிக்காலப் படைப்புகளுள் ஒன்று. அவரது உடல் சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது.

1996 இல் அவருடைய கோபுரத்தைக் குறித்து ஒரு வழக்கு எழுந்தது. மலேசியாவின் கோலாலம்பூரில் எழுந்துகொண்டிருந்த பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களே உலகில் உயர்ந்தவை என உயர்கட்டடங்களுக்கான பன்னாட்டு மன்றம் அறிவித்தது. உச்சியில் உள்ள ஊசிமுனையையும் சேர்த்து அவற்றின் உயரம் 452 மீட்டர். ஆனால் அவற்றில் மக்கள் பயன்படுத்தும் மிக உயர்ந்த தளம் ஏறத்தாழ 375 மீட்டரில் உள்ளது. சியர்ஸ் கோபுரத்திலோ அது ஏறத்தாழ 413 மீட்டர். மேலும் சியர்ஸ் கோபுரத்தின் அலைவாங்கிக் கம்பங்கள் 500 மீட்டரையும் கடந்து நின்றன. அவ்வாறாயின் எது உயர்ந்தது?

மன்றத்தின் விளக்கம் இது: ஊசிமுனை கட்டடத்தின் வடிவமைப்போடு பிறந்தது, ஆகவே அது கட்டடத்தின் உறுப்பு. அலைவாங்கியும் கொடிக்கம்பமும் பின்னர் மாற்றத்தக்க கருவிகள். ஆகவே அவை கட்டடத்தின் உயரத்தில் சேரா. இவ்விளக்கம் சிகாகோவில் பலரை நிறைவுறச் செய்யவில்லை. எனவே மன்றம் நான்கு அளவைகளை வகுத்தது: வடிவமைப்பின் உச்சி, மக்கள் புழங்கும் மிக உயர்ந்த தளம், கூரை, அலைவாங்கியின் முனை. இவற்றுள் தளத்திலும் கூரையிலும் முதலிடம் சியர்ஸ் கோபுரத்திற்கே கிடைத்தது. கூரை அளவை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. இன்று எஞ்சியுள்ள மூன்று அளவைகளும், மக்கள் திறந்தவெளியிலிருந்து நடந்து நுழையும் முதன்மை வாயில்களுள் மிகத் தாழ்ந்ததன் தரைமட்டத்திலிருந்து தொடங்குகின்றன.

2010 இல் திறக்கப்பட்ட துபாயின் புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். கான் பணியாற்றிய நிறுவனமே அதனை வடிவமைத்தது. அதில் மக்கள் புழங்கும் தளங்கள் ஏறத்தாழ 585 மீட்டரில் முடிகின்றன. அதற்கு மேலுள்ள 240 மீட்டருக்கும் அதிகமான பகுதி உச்சி அலங்காரமே. நகரங்களின் வான்விளிம்புகளை ஒப்பிடும்போது உயரத்தை மட்டுமன்றி, அவ்வுயரம் எதனால் ஆனது என்பதையும் காண வேண்டும். குறைந்த எஃகில் நிறைந்த வலிமை, அசைவிலும் அமைதியாக வாழும் மாந்தர் என்பனவே கான் தம் பணிக்கு வகுத்துக்கொண்ட அளவைகள்.

1998 இல் பெட்ரோனாஸ் கோபுரங்கள் நிறைவுற்றபோது, உலகின் மிக உயர்ந்தது என்னும் பட்டம் சிகாகோவை விட்டு நீங்கியது. அதே ஆண்டில் அந்நகரம், சியர்ஸ் கோபுரத்தின் அடியிலுள்ள தெருச்சந்திக்கு ஃபஸ்லுர் ரகுமான் கானின் பெயரைச் சூட்டியது. அக்கோபுரம் இன்று வில்லிஸ் கோபுரம் என வழங்குகிறது. தெருச்சந்தி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சொற்பொருள்

விஞ்சுதல் – மிகுதல்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
கற்றை – கட்டு, தொகுதி
அளவை – அளக்கும் முறை
மாந்தர் – மக்கள்

பயிற்சி

1. குழாய்க் கட்டமைப்பை மூங்கிலோடு ஒப்பிட்டு விளக்குக.
2. கான் அசையும் மேடையில் ஆய்வு செய்ததன் நோக்கம் யாது?
3. ஊசிமுனைக்கும் அலைவாங்கிக்கும் இடையே மன்றம் கண்ட வேறுபாடு யாது?
4. உங்கள் ஊரின் வான்விளிம்பை வரைந்து, அதில் உயர்ந்து தோன்றும் கட்டடம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.