சேலத்துக்குச் சினிமாவைக் கொண்டு வந்த முதலாளி!



மலர்க் குழுவில் என்னிடம் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ரெக்கார்டு நோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் பழைய காமிக்ஸும், சந்தையில் பொறுக்கிய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும்தான். 1972-ல் சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி என்று ஒரு ஹீரோ உண்டு. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். (எலக்ட்ரிக்கல் நண்பர்கள் லேபில் முயற்சி செய்ய வேண்டாம்!) இந்தப் பைத்தியம்தான் என்னை ஜெய்சங்கரின் துப்பறியும் படங்களுக்கு இழுத்துக் கொண்டு போனது. 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' பார்த்திருப்பீங்க. அந்தப் படங்களை எடுத்தது யார் என்று டைட்டிலைப் பார்த்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம்!

சேலமா? நம்ம சேலமா? பிறகுதான் உறைத்தது. ஏற்காடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ரோட்டோரம் ஒரு பழைய வளைவைப் பார்ப்போமே, அதுதான். அந்த வளைவுக்குப் பின்னால் இருந்த மனிதரின் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அவர் பெயர் டி.ஆர். சுந்தரம். ஊழியர்களுக்கு முதலாளி. திரையுலகத்துக்கு டி.ஆர்.எஸ்.

திருச்செங்கோட்டுப் பையன்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் 1907 ஜூலை 16-ந் தேதி பிறந்தார். இன்றைக்குத் திருச்செங்கோடு நாமக்கல் மாவட்டம். அவர் காலத்தில் அது சேலம் ஜில்லா. மலைமேல் அர்த்தநாரீஸ்வரர், தெருவெல்லாம் தறிச் சத்தம். குடும்பத் தொழில் நூல் வியாபாரம். வசதிக்குக் குறைவில்லை. பி.எஸ்ஸி. முடித்த மகனை டெக்ஸ்டைல் படிப்பதற்காக இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். ஆமாம் நண்பர்களே, அவரும் நம்மைப்போலத் தொழில்நுட்பம் படித்தவர்தான்! போனவர் பட்டத்தோடு திரும்பினார். ஆங்கிலேயப் பெண்மணியை மணந்து வந்தார். வீட்டார் எதிர்பார்த்தது நூல் மில். அவர் மனசு போனது சினிமாவுக்கு.

அப்போது தமிழ்ப் பேசும்படம் பிறந்து சில வருஷம்தான். முதல் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல், அதுவும் பம்பாயில் எடுத்தது. தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பக்கவாத்தியம், சமையல்காரர் எல்லாரையும் ரயிலேற்றிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ பெரும்பாலும் போக வேண்டியிருந்தது. சேலத்தில் வேலாயுதம் பிள்ளை ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனி நடத்தினார். டி.ஆர்.எஸ். அவரோடு கூட்டுச் சேர்ந்தார். 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'நல்லதங்காள்' போன்ற படங்கள் வந்தன. அந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு யோசனை. நாம் ஏன் ஸ்டூடியோவைத் தேடிப் போக வேண்டும்? ஸ்டூடியோவை இங்கேயே கட்டினால் என்ன?

1935-ல் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. முதல் படம் 'சதி அகல்யா' 1937-ல் வெளியானது.

ஸ்டூடியோவா, ஃபேக்டரியா?

இங்கேதான் அவர் படித்த டெக்ஸ்டைல் வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். பஞ்சு ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் துணியாக வெளியே வருவதுதான் மில். டி.ஆர்.எஸ். ஸ்டூடியோவையும் அப்படியே அமைத்தார். கதை இலாகா, செட், கேமரா, ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். எழுத்தாளர், நடிகர், தொழிலாளி பலருக்கும் மாதச் சம்பளம். நேரம் என்றால் நேரம். ஸ்டாரும் லைட் பாயும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படத்துக்குக் கதை தயாராக இருக்கும். இப்படி ஓடிய கம்பெனி மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. பல மொழிகளில் எடுத்தது.

ஒரு விசேஷம் கேளுங்க. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. 1938-ல் வந்தது. எடுத்தது கேரளாவில் இல்லை, நம்ம சேலத்தில்! அங்கே அப்போது ஸ்டூடியோவே கிடையாது. ஆலப்புழை உதயா ஸ்டூடியோ வந்ததே 1947-ல்தான். மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) படமும் டி.ஆர்.எஸ். டைரக்ட் செய்ததே. கேரளத்து நண்பன் யாராவது சினிமாப் பெருமை பேசினால் இதை எடுத்து விடுங்கள்!

சின்னப்பா இரண்டு பேர்!

1940-ல் 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பா அண்ணன் தம்பியாக இரட்டை வேடம். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் இதுதான். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்? லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு பக்கம் மட்டும் பிலிமில் பதிவு செய்வார்கள். பிறகு பிலிமை ஆரம்பித்த இடத்துக்கே சுற்றி, மறைப்பை மறுபக்கம் மாற்றி, இன்னொரு வேஷத்தில் அதே நடிகரை எடுப்பார்கள். அந்தக் காலத்து இரட்டை வேடங்களின் அடிப்படை வித்தை இதுதான். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். எத்தனை அடி பிலிம் ஓடியது என்று எண்ணி வைக்காவிட்டால் எல்லாம் வீண். டிராயிங் ஹாலில் அரை மில்லிமீட்டர் தப்பினால் நாம் முணுமுணுக்கிறோமே, அவர்களுக்கு அழிரப்பரே கிடையாது!

யுத்த காலத்தில் கச்சா பிலிமுக்குப் பஞ்சம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம்தான். பாட்டாகவே படம் ஓடிய காலத்தில் இது பெரிய வெட்டு. யுத்த ஆதரவுப் படம் எடுக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. டி.ஆர்.எஸ். 'பர்மா ராணி' எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல் ஜப்பானிய அதிகாரி வேஷத்தில் தானே நடித்தார். முதலாளியே வில்லன்!

இன்னொரு கூத்து 1952-ல் நடந்தது. ஹாலிவுட்டின் லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டாக 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம் எடுத்தார். அதில் ஆதிகாலத்து மாமத் யானைகள் வரும். மாமத்துக்கு எங்கே போவது? நம்ம ஊர் யானைகளுக்கே சடைமுடியைப் போர்த்தி நிறுத்தி விட்டார்கள். இதைப் படித்த அன்று நான் தனியாகச் சிரித்ததில் ரூம்மேட் பயந்து போனான்.

கலைஞரும் கவிஞரும் எம்.ஜி.ஆரும்

1950-ல் 'மந்திரி குமாரி'. குண்டலகேசிக் கதையை வைத்துக் கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதினார். அதற்காகச் சேலத்தில் குடியிருந்தார். நாயகன் எம்.ஜி.ஆர். பின்னால் தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு முதலமைச்சர்கள் சேலத்தில் ஒரே கம்பெனி கேட்டுக்குள் வேலை பார்த்திருக்கிறார்கள்! அமெரிக்க டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் பாதியில் தாயகம் திரும்ப, மீதியை டி.ஆர்.எஸ். முடித்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் கவியரசு கண்ணதாசன் ஆனார். அதே 1950-ல் 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என். நம்பியார் பத்துக்கும் மேற்பட்ட வேஷங்களில் வந்தார்.

1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ். வீரப்பா. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம்! பெல்ஜியத்துக் கம்பெனியின் கேவாகலர் பிலிம். கருப்பு வெள்ளையைவிடக் கலருக்கு வெளிச்சம் பல மடங்கு வேண்டும். கொளுத்தும் லைட்டுகளுக்குக் கீழே பட்டும் ஜிகினாவும் உடுத்தி ஆடியிருக்கிறார்கள். சென்னைப் பெரிய ஸ்டூடியோக்கள் யோசித்துக் கொண்டிருந்தபோது சேலத்துக்காரர் செய்து காட்டினார். தென்னிந்திய பிலிம் சேம்பரின் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

1963-ல் 'கொஞ்சும் குமாரி'யில் மனோரமாவைக் கதாநாயகியாக நிறுத்தியதும் இந்தக் கம்பெனியே. அதே வருஷம் ஆகஸ்டில் முதலாளி காலமானார். வயது 56.

வளைவு மட்டும் நிற்கிறது

அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக ஆக்கிய படங்கள் அப்போது வந்தவைதான். ஆனால் காலம் மாறிவிட்டது. நடிகர்கள் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். மாதச் சம்பள முறை மறைந்தது. மெல்ல மெல்லப் படத்தயாரிப்பு நின்றது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று வீடுகள். வளைவு மட்டும் ரோட்டைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

போன செமஸ்டர் லீவில் அந்த வளைவுக்குக் கீழே போய் நின்றேன். செல்ஃபி எடுத்தாச்சு, கிளம்ப வேண்டியதுதானே? கால் வரவில்லை. மனசுக்குள் ஒரு கேள்வி. பைனல் இயர் முடித்துவிட்டு நாம் எல்லாரும் எங்கே போகப் போகிறோம்? ஓசூர், கோயம்புத்தூர், சென்னை. எங்க வீட்டில் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொள் என்கிறார். நான் மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். இந்த ஊரில் என்ன இருக்கு என்று கேட்டுவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

லீட்ஸ் வரை போன மனிதர் இந்த ஊரில் என்ன இருக்கு என்று கேட்கவில்லை. இல்லாததைக் கட்டினார். சென்னையில் இருந்தவர்கள் சேலத்துக்கு வந்து வேலை பார்க்கும்படி செய்தார். அதே சமயம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய கம்பெனி பெரும்பாலும் அந்த ஒரே மனிதரின் தோளில் நின்றது. தோள் சாய்ந்தபின் கம்பெனி இரண்டு தலைமுறைகூட நிற்கவில்லை. ஊரில் தங்கினால் மட்டும் போதாது, நமக்குப் பின்னாலும் ஓடுகிற மாதிரி கட்ட வேண்டும். இதுவும் அவர் வாழ்க்கையில் உள்ள பாடம்தான்.

நான் பட்டறைக்குப் போவேனா, ஓசூருக்குப் போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். புது லேத் என்ன விலை, பேங்க் லோன் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

நண்பர்களே, அடுத்த முறை ஏற்காட்டுக்கு டூர் போகும்போது டிரைவர் அண்ணனிடம் சொல்லி அந்த வளைவுகிட்ட ஒரு நிமிஷம் வண்டியை ஸ்லோ பண்ணச் சொல்லுங்க. நம்ம திருச்செங்கோட்டுக்காரர் ஒருத்தர் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போனார்.



— ஒரு காமிக்ஸ் பைத்தியம், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்