பதவுரை தந்த பரமோபகாரகர்: வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர்

நம்மாழ்வாருடைய திருவாய்மொழிக்கு நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த வ்யாக்யானங்கள் ஐந்து. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்னும் நான்கோடு ஐந்தாவதாகக் கொண்டாடப்படுவது பன்னீராயிரப்படி. 32 எழுத்துகள் கொண்டது ஒரு படி என்பது கணக்கு. பாசுரத்தின் ஒவ்வொரு பதத்திற்கும் நேரே பொருள் காட்டுவது இந்தப் பன்னீராயிரப்படிக்கே உரிய ஏற்றம். இதனை அருளிய வாதிகேசரி அழகிய மணவாள ஜீயருடைய வைபவத்தை இங்கு சிறிது அனுபவிப்போம்.

இவருடைய பூர்வாச்ரமத் திருநாமம் வரதராஜர். வ்யாக்யான சக்கரவர்த்தியான பெரியவாச்சான் பிள்ளையின் திருமாளிகையில் மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்துவந்தார். ஆசார்யனிடத்தில் பக்தி மிக்கவர். ஆனால் 32 வயது வரையில் எழுத்தறிவு இல்லாதவர் என்று பெரியோர் கூறுவர். ஒருநாள் வித்வான்கள் சிலர் சாஸ்த்ர விசாரம் செய்துகொண்டிருக்க, அவர்கள் ஆராய்வது எந்த நூல் என்று இவர் வினவினார். இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று எண்ணிய அவர்கள், முசலகிசலயம் என்று சொல்லிவைத்தார்கள். முசலம் என்பது உலக்கை. கிசலயம் என்பது தளிர். உலக்கை துளிர்ப்பதுண்டோ? இல்லாத நூலுக்கு இட்ட பெயர் அது. பரிஹாஸம் என்று அறியாத இவர், அதனை அப்படியே ஆசார்யன் திருமுன்பே விண்ணப்பித்தார். உண்மையை ஆசார்யன் உணர்த்தியருள, வெட்கமுற்றுத் திருவடிகளில் விழுந்து, தமக்குக் கல்வி அருளவேண்டும் என்று ப்ரார்த்தித்தார்.

பிள்ளையும் பரமக்ருபையாலே காவ்யம், சாஸ்த்ரம் முதலானவற்றைக் கற்பித்தருளினார். சீடரோ பெரும் பண்டிதரானார். முசலகிசலயம் என்னும் பெயரிலேயே ஒரு காவ்யம் இயற்றினார். உலக்கை துளிர்த்துவிட்டது! பிற்காலத்தில் துறவறம் பூண்டு அழகிய மணவாள ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார். பிற மதத்தவரை வாதில் வென்றமையால் வாதிகேசரி என்றும் போற்றப்பட்டார். பகவத்கீதையின் பொருளைத் தமிழ் வெண்பாக்களாக அருளியவரும் இவரே.

இத்தகைய மேதை பதவுரை செய்ய முற்பட்டது ஏன்? ஒரு சொல்லின் பொருள் அறியாமையால் வரும் துன்பத்தைத் தாமே பட்டறிந்தவர் இவர். அந்நிலை பின்புள்ளாருக்கு வாராதபடி இவ்வழியைத் திறந்துவைத்தார் என்றே நாம் கொள்கிறோம். பின்புள்ளாரும் கற்றறிந்து பேசவேண்டும் என்பதே இவருடைய திருவுள்ளம் என்று மணவாள மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் காட்டியருளினார்.

பதவுரை என்பது பாசுரத்திற்கு மாற்று அன்று. பாசுரத்திற்குள் புகும் வாசல். திருவாய்மொழியின் முதற்பாசுரத்தையே பார்ப்போம். முதல் மூன்று அடிகளிலும் எவன், அவன் என்னும் சொற்கள் வருகின்றன. நெஞ்சை அழைக்கும் விளியோ நான்காம் அடியின் முடிவில்தான் வருகிறது. மூன்று அவனும் ஒருவனே, அவனுடைய திருவடிகளையே தொழும்படி ஆழ்வார் தம் நெஞ்சுக்கு உபதேசிக்கிறார் என்று சொற்களைச் சேர்த்துக் காட்டினால், சிறு குழந்தைக்கும் பொருள் விளங்கிவிடும். ஆனால் ஆழ்வார் நெஞ்சை இறுதியில் அழைத்த அழகு பாசுரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பதவுரையைக் கற்றபின் மறுபடியும் பாசுரத்தையே அநுஸந்திக்கவேண்டும்; மேலும் ஆழ்பொருளை விரும்புவோர் ஈடு முதலானவற்றைத் தக்கார் பக்கலிலே கேட்கவேண்டும்.

இன்று பல தேசங்களில் வாழும் நம் குழந்தைகள் பாசுரங்களை அழகாகச் சேவிக்கிறார்கள். பொருள் கேட்கும்போது அவர்களைப் பரிஹஸியாமல், நாளுக்கு ஒரு பாசுரத்திற்காவது பதம்பதமாகப் பொருள் சொல்லித்தருவோம். 1102 பாசுரங்களும் மூன்றாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் நிறைவுறும். மடைப்பள்ளியிலிருந்து வந்து நமக்கு மறைப்பொருளைப் பரிமாறிய ஜீயருக்கு நாம் செய்யும் கைங்கர்யம் அதுவே.

வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் திருவடிகளே சரணம்.