வாஷரால் விமானத்தைக் காத்தவர்



நம்ம ஊரில் டிவிஎஸ் 50 பார்க்காதவர் உண்டா? 1980-இல் பக்கத்து ஓசூரில் பிறந்த வண்டியாச்சே! ஆனால் அது மக்கர் பண்ணினால் ஸ்பேனர் எடுப்பது அப்பாவோ அண்ணனோதான். அக்கா கிட்டே போனால், கையில் கிரீஸ் ஒட்டும், தள்ளிப் போ என்று விரட்டுவார்கள். அப்படி விரட்ட முடியாத ஒரு அக்காவின் கதை இது. பெயர் பீட்ரிஸ் ஷில்லிங்.

இங்கிலாந்தில் 1909 மார்ச் 8 அன்று பிறந்தார் (மகளிர் தினம்! கவனிச்சீங்களா?). அப்பா கறிக்கடை வைத்திருந்தார். 14 வயதில், அதாவது நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசில், ராயல் என்ஃபீல்டு வண்டி வாங்கி, தானே கழற்றி மாட்டிப் பழகினார். பிறகு மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் இன்ஜினியரிடம் ஒயரிங் வேலை. அந்த அம்மாதான் இவரை மேலே படிக்கத் தூண்டியவர். 1932-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார்.

லண்டன் அருகே ப்ரூக்லாண்ட்ஸ் என்று ஒரு பந்தயத் தளம். வளைவுகள் கிண்ணத்தின் ஓரம் போலச் சாய்ந்திருக்கும், தரையெல்லாம் கான்கிரீட். அங்கே பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓட்டினால் தங்க நட்சத்திரப் பதக்கம். பைக்கில் அதை வாங்கிய பெண்கள் மூன்றே பேர். ஷில்லிங் 1934-இல் நார்ட்டன் 500 சிசி வண்டியில் 106 மைல் தொட்டார். நம்ம கணக்கில் சுமார் 170 கிலோமீட்டர்! ஜார்ஜ் நெய்லர் பெண் கேட்டபோது, நீயும் அந்தப் பதக்கத்தை வாங்கிட்டு வா, அப்புறம் கல்யாணம் என்றாராம். நிஜமோ கதையோ, 1938-இல் கல்யாணம் நடந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். 1936-இல் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அப்புறம் போர் வந்தது. ஸ்பிட்ஃபயர் விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்தால் இன்ஜின் அடைத்துவிடும். பஸ் மேட்டில் ஏறிச் சட்டென இறங்கும்போது நம்ம வயிறு மேலே தூக்குமே, அதேபோல கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எழும்பி, அப்புறம் அளவுக்கு மீறிப் பாயும். எதிரி விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். அந்தச் சில நொடியில் துரத்தியவன் தப்புவான், அல்லது நம்மாளு சாவான்.

ஷில்லிங் என்ன செய்தார்? இன்ஜின் முழு வேகத்தில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவே போகிற மாதிரி கணக்குப் போட்டு ஓட்டை வைத்த ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. பிறகு அது வெறும் வாஷர் மாதிரியே ஆனது. பெட்ரோல் குழாயில் செருகினால் போதும், விமானத்தை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டாம். 1941-இல் சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகச் சுற்றி மாட்டிவிட்டார். தலைகீழாகவே வெகுநேரம் பறக்க அது உதவாது. ஆனால் விமானிகளுக்கு அந்தச் சில நொடிகள்தான் தேவைப்பட்டன.

அந்தத் தளங்களுக்கு அவர் எதில் போனார் தெரியுமா? அதே பழைய நார்ட்டனில்தான்! போருக்குப் பின் கணவரும் அவரும் கார் பந்தயத்தில் இறங்கினார்கள். 1969-இல் வேலையில் ஓய்வு பெற்றார், 1990-இல் காலமானார்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு