கைவிடப்பட்டோரிடையே தங்கிய யோசேப் வாஸ் அடிகளார்

மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைவுகூரும் நாம், சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை எளிதில் மறந்து விடுகிறோம். இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்றும், கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்றும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களில் வாழும் தமிழர், சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மையினர். இவர்களுள் பெரும்பாலானோர் இந்துக்கள். எனினும் பல தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரையுடன் கூடிய ஒரு சிற்றாலயத்தையும் காணலாம். மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் வந்தால் பூசை நடக்கும். வராத ஞாயிறுகளில் மக்களே கூடிச் செபமாலை சொல்லிக் கலைவர்.

இம்மக்கள் கண்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரித்தது. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் லயன்களின் வாசலுக்கே வந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் பலர். அண்மைக் காலத்தில் மலையே பகையாகியுள்ளது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாடு எங்கும் மண்சரிந்து உயிர்களை விழுங்கியது.

இத்தகைய மக்களிடம் ஆறுதல் சொல்ல வருபவர்கள் என்ன சொல்வது? பொறுத்திருங்கள் என்று சொல்வது எளிது. சொல்பவர் பாதுகாப்பான வீட்டுக்குத் திரும்பிச் சென்று விடுவார். கேட்பவர் விரிசல் கண்ட சுவருக்குள் அன்றிரவும் படுக்க வேண்டும். இக்கேள்விக்கு நூல் எழுதி விடையளிக்காமல், வாழ்ந்து விடையளித்துச் சென்ற ஒருவர் நமது நாட்டு வரலாற்றில் உண்டு. 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசேப் வாஸ் அடிகளாரே அவர்.

கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் 1651 ஏப்ரல் 21ஆந் திகதி, கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவாவில் வசதியான பங்கொன்றில் அமர்ந்து மதிப்போடு வாழ்ந்திருக்கக்கூடிய அவரை, இலங்கையிலிருந்து வந்த செய்தி உறங்கவிடவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதோடு போர்த்துக்கேயரைக் கரையோரம் முழுவதிலுமிருந்து அகற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரையும் வெளியேற்றியிருந்தனர். குருவொருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை பிறந்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மேய்ப்பரின்றித் தவித்த ஒரு மக்கள் கூட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1687இல் தூத்துக்குடியிலிருந்து அவர் படகேறினார். அங்கியைக் களைந்து, கூலியாள் ஒருவரைப் போல் வெறுங்காலுடன், இடையில் துணிச்சுற்றுடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தின் களைப்பும் பசியும் வயிற்றுளைவும் அவரை வீழ்த்தின. தெருவோரம் கிடந்த அந்த அந்நியருக்குக் கஞ்சி கொடுத்து உயிர்காத்தவள் ஓர் ஏழைப் பெண் என்று அவரது வரலாறு கூறுகிறது. இலங்கைக்கு ஆறுதலளிக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொண்டது இலங்கையின் ஓர் ஏழை அளித்த ஆறுதல்.

நலம்பெற்றதும் கழுத்தில் செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறதோ அவரே கத்தோலிக்கர் என்று கண்டுகொள்வதே அவரது உபாயம். தமிழைப் பயின்றார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் அவர் பணிபுரிந்தார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த இடங்களைச் சுற்றி வளைத்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர். அடிகளார் தப்பினார். ஆனால் பிடிபட்டவர்களுள் சிலர் கசையடிக்கு உள்ளாகினர். ஒருவர் அடியினால் உயிர்நீத்தார். வேறு சிலர் கோட்டை வேலைக்கென்று விலங்கிடப்பட்டனர். தமக்காகப் பிறர் பட்ட இத்துன்பத்தை அவர் கடைசிவரை மறந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் தாம் இருப்பது தம் மக்களுக்கே ஆபத்தாகிவிட்ட நிலையில், கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு அவர் சென்றார்.

இந்த இடத்தில் வாசகர்கள் வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அடிகளாரின் மதத்தைச் சேர்ந்த போர்த்துக்கேயர், தாம் ஆண்ட காலத்தில் பிறரைத் துன்புறுத்தியவர்களே. 1626இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியேற்றியவன் பௌத்தனான கண்டி மன்னன் செனரத். பின்னர் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை விரட்டியபோது, கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வகக்கோட்டை போன்ற இடங்களிலும், இன்றைய கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த ருவன்வெல்லப் பகுதியிலும் இடமளித்தவன் செனரத்தின் மகனான இரண்டாம் இராஜசிங்கன். துரத்தியவனும் துரத்தப்பட்டவனும் ஒரு தலைமுறைக்குள் ஒரே அரண்மனையின் கதவைத் தட்டினர். கேகாலை மாவட்டத்தின் கெட்டபேரியாவில் வாழ்ந்த கோபால மரபினரான முஸ்லிம் வைத்தியர்கள் கண்டி மன்னர்களுக்கு மருத்துவம் செய்து மதிப்புப் பெற்றதும் இதே மலைநாட்டின் வரலாறுதான்.

1692இல் அடிகளார் கண்டி நகரை நோக்கிப் புறப்பட்டார். அவரை வரவேற்றது விலங்கு. கண்டி அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருபவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னனிடம் கூறிவிட்டார். செய்யாத குற்றத்துக்காக அடிகளார் சிறையிலிடப்பட்டார். அங்கே அவர் முறையிட்டுக்கொண்டு காலங்கழிக்கவில்லை. காவல் தளர்ந்தபோது சிறையருகே ஒரு குடிசை எழுப்பி அதையே ஆலயமாக்கினார். நகரில் இருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கு வரத் தொடங்கினர். சிங்கள மொழியையும் அவர் பயின்றார்.

1693இல் நாட்டிலே கடும் வறட்சி உண்டாயிற்று. மன்னன் அவரையும் வேண்டிக்கொள்ளச் சொன்னான் என்றும், அவர் வெளியிலே பலிபீடம் அமைத்துச் செபித்தபோது மழை பொழிந்தது என்றும் கத்தோலிக்க மரபு போற்றி வருகிறது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. அதன்பின் அடிகளாருக்கு மன்னனின் ஆதரவு கிடைத்தது என்பதும், நாட்டில் நடமாடும் உரிமை கிடைத்தது என்பதும் வரலாறு. அம்மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். பிக்குமாரின் உபசம்பதையை மீண்டும் நிறுவுவதற்காக அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்த பௌத்தன் அவன். தன் மதத்தை உறுதியாகப் பற்றி நின்றவனே பிற மதத்தவருக்கும் காவலாக நின்றான்.

அடிகளாரின் வாழ்வில் உச்சமான பகுதி 1697இல் வந்தது. கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் பிரதானிகளும் வசதி படைத்தோரும் நகரைவிட்டு நீங்கினர். நோய் கண்டவர்களை அவர்களது வீட்டாரே காட்டோரம் கொண்டுபோய் விடும் நிலை ஏற்பட்டது. அக்காலத்தில் வைசூரிக்குத் தடுப்பூசியுமில்லை, மருந்துமில்லை. அந்நகரில் யோசேப் வாஸ் அடிகளாரும் அவரது துணைவரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினர். காட்டிலே கிடந்தவர்களுக்குக் குடில் போட்டனர். நாள்தோறும் அவர்களிடம் சென்று கஞ்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைச் சுமந்து சென்று புதைத்தனர். நோயாளி எந்த மதத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒற்றன் என்று அந்நகரில் விலங்கிடப்பட்டவர், அந்நகரின் தலைவர்கள் நீங்கியபின் அங்கே எஞ்சியிருந்தார்.

கொள்ளைநோய் கண்ட ஊரிலிருந்து வெளியேறலாகாது, வெளியிலிருந்து அதனுள் புகவும் ஆகாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுறுத்தலை நன்கறிந்த முஸ்லிம் வாசகர்களுக்கு இச்செயலின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. இறைவன் மீது வைக்கும் நம்பிக்கை, இடத்தைவிட்டு ஓடாத கால்களில்தான் வெளிப்படுகிறது என்பது இரு மரபினருக்கும் பொதுவானது.

இதன்பின் அவருடைய பணி நாடளாவியதாயிற்று. கோவாவிலிருந்து ஒரட்டோரியன் சபைக் குருமார் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் கிறிஸ்தவ நூல்கள் பலவற்றை இயற்றி இலக்கியத்தில் இடம்பெற்றவர். ஆயர் பதவி தேடி வந்தபோது வாஸ் அடிகளார் அதனை ஏற்கவில்லை. வெறுங்காலுடன் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்தார். உடல் தளர்ந்து, 1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் உயிர்நீத்தார். அவரைப் புதைத்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. 1995 ஜனவரி 21ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைக் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது, வணங்குவதற்கு ஒரு கல்லறை கூட இருக்கவில்லை.

அடிகளார் காலத்தில் சப்ரகமுவவில் தோட்டங்கள் இல்லை. கோப்பியும் தேயிலையும் இறப்பரும் வர இன்னும் நெடுங்காலம் இருந்தது. ஆயினும், அவர் புறப்பட்ட அதே தமிழகக் கரையிலிருந்து, அவரைப் போலவே வெறுங்காலுடன், பிற்காலத்தில் நம்முடைய தோட்டத் தொழிலாளரின் முன்னோர் வந்தனர். அவர் வேடமாகப் பூண்ட கூலிக் கோலம் அவர்களுக்கு வாழ்க்கையாகவே இருந்தது. வழியிலே காய்ச்சலாலும் கொலராவாலும் மடிந்தவர்களுக்கும் கல்லறைகள் இல்லை. தோட்டத்துச் சிற்றாலயத்தில் அவரது படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும் ஒரு தாய், அவரை அயலவராகக் கருதாமல் தம் முன்னோர் வரிசையில் வைத்துப் பார்ப்பது இயல்பே.

அவருடைய வாழ்வை நெடுகப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. துன்பம் நல்லது என்று அவர் எவருக்கும் போதித்ததாகத் தெரியவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சியும், நோயாளிக்குக் கூரையும், இறந்தவனுக்குக் குழியும் முதலில் கொடுத்தார். செபம் அதனோடு இணைந்து வந்தது. அரசனிடம் தமக்கிருந்த செல்வாக்கைத் தமது சுகத்துக்குப் பயன்படுத்தாமல், தம் மக்களுக்காகப் பயன்படுத்தினார்.

இன்று சப்ரகமுவவில் மதப் பணி புரிவோர், அவர்கள் குருமாராயினும் போதகராயினும் மௌலவிமாராயினும் குருக்களாயினும், இந்த அளவுகோலால் தம்மை அளந்து பார்ப்பது நன்று. மண்சரிவு அபாயம் உள்ள லயன்களில் வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலமும் உறுதிப்பத்திரத்துடன் கூடிய வீடும் கிடைக்கும் வரை, பொறுமையைப் பற்றிய பிரசங்கம் பாதி வேலையே. அந்த மக்களுக்காகப் பிரதேச செயலகத்தின் வாசலில் காத்திருப்பதும், மழை இரவில் முகாமாக மாறும் பாடசாலையில் அவர்களோடு தங்குவதும் மற்றப் பாதி.

மதத்தின் பெயரால் ஊர்கள் எரிவதையும் இம்மாகாணம் கண்டிருக்கிறது. 2001 மே மாதத்தில் மாவனெல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டதை மறக்க முடியாது. தோட்டத் தமிழர் 1981இல் கண்டதை முஸ்லிம்கள் இருபது ஆண்டுகளின் பின் கண்டனர். அயலவரின் துயரைத் தமது துயராக எண்ணும் பழக்கம் இவ்விரு சமூகங்களுக்கும் இனியேனும் வளர வேண்டும். செனரத்தும் இராஜசிங்கனும் விமலதர்மசூரியனும் திறந்து வைத்த கதவுகளைப் பெரும்பான்மைச் சமூகத்தின் தலைவர்களும் நினைவுகூர்வார்களாக.

ஆண்டுதோறும் ஜனவரி 16ஆந் திகதி அடிகளாரின் திருநாள் வருகிறது. அன்று கொடியேற்றமும் திருச்சொரூப பவனியும் நடப்பது வழக்கம். அத்தோடு, மண்சரிவில் வீடிழந்து இன்னும் தற்காலிகக் கொட்டிலில் வாழும் ஒரு குடும்பத்தை ஒவ்வோர் ஆலயமும் பொறுப்பேற்குமானால், கல்லறையில்லாத அந்தத் துறவிக்கு அதைவிடத் தகுந்த நினைவுச் சின்னம் வேறில்லை.