பெயரைத் தன் கையில் எடுத்தவர்: இரட்டைமலை சீனிவாசன்

சாதி வன்கொடுமையை இரு தரப்பு மோதல் என்று செய்தியாக்கும்போது, தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமாக்கப்படுகின்றனர். விசாரணை தொடங்கும் முன்பே அந்தச் சொல் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. சொல்லுக்குள் இருக்கும் இந்த அதிகாரத்தை 130 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் இரட்டைமலை சீனிவாசன்.

கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே, மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் பிறந்தவர் அவர். 1893 அக்டோபரில் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். இழிவாக ஒலித்த பெயரை ஒளிக்காமல் முகப்பிலேயே அச்சிட்டார். அப்பெயரை மறுத்த அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். வழிகள் வேறு, தம் மக்களைப் பிறர் வரையறுக்க விடுவதில்லை என்ற உறுதி ஒன்றே.

அந்நாளில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரஸ் கோரியது. அது இந்தியர் அனைவரின் கோரிக்கையாக முன்வைக்கப்பட்டது. கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கு அதில் இடம் எங்கே என்று சீனிவாசன் கேட்டார்; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களுடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினார். 'அனைவர்' என்ற சொல்லில் விடுபட்டவர்களை அந்த மனு காட்டியது.

1900இல் இதழ் நின்றது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவருக்கும் தடையில்லை என்ற அவரது தீர்மானம் 1924இல் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. கருணையாகப் பேசப்பட்டதை உரிமை என்ற சட்டகத்துக்குள் கொண்டுவந்தது அந்த ஆணை.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் இணைந்து தனித்தொகுதி உரிமைக்காக வாதாடினார். 1932இல் அவ்வுரிமை அறிவிக்கப்பட்டதும் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். பிரதிநிதித்துவம் பற்றிய கேள்வி, ஓர் உயிரைக் காப்பது பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. அந்த நெருக்கடியில் உருவான பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார்.

1945 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார். இன்று நினைவுநாள்களில் திவான் பகதூர் பட்டமும் வட்டமேசைப் படமும் முன்னே வருகின்றன. இதழும் அரசாணையும் பின்னே தள்ளப்படுகின்றன. போராளியை மரியாதைக்குரிய படமாகச் சுருக்குவதும் ஒரு சட்டகமே. அதை உடைக்க, வன்கொடுமையை வன்கொடுமை என்றே நம் அறிக்கையிலும் புகார் மனுவிலும் எழுதுவோம்.